கைக்கு எட்டிய முதுகு

சபைப் பிள்ளைகள் வாலிபமானதும் சபையை விட்டுப் போவதற்குக் காரணம் நாம் பிரம்பைக் கீழே வைத்ததுதான் என்கிறார் போன இதழில் எழுதிய பெரியவர். திருமண்டலப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரசங்க பீடம் ஏறுகிறவர். பிள்ளை பாவத்தில் பிறக்கிறது, அதன் சித்தத்தை உடைத்தால்தான் அது தேவ சித்தத்துக்கு வளையும், உடைக்கிற கருவி பிரம்பு, அதை நம் கையில் கொடுத்தது வேதம். இவ்வளவுதான் வாதம். முத்தாய்ப்பாக, ஓய்வுநாள் பள்ளியிலும் திருமண்டலப் பள்ளிகளிலும் வேதப்படியான தண்டனையை மறுபடி கொண்டுவரத் திருமண்டல கவுன்சில் தீர்மானம் போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். கோபத்தில் பிள்ளைக்கு ஒன்று வைத்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிற தகப்பனிடம் எனக்குச் சண்டை இல்லை. அடியைக் கிறிஸ்துவின் பெயரில் பத்திரம் எழுதிக் கேட்கிறவரிடம்தான் சண்டை.

அவருடைய முதல் சாட்சி ஏலி. மகன்களை அடக்காததால் ஏலியின் வீடே அழிந்தது, ஆகவே பெற்றோரே அடக்குங்கள் என்று இரண்டு பத்தி போயிருக்கிறது. சாமுவேலின் முதல் புத்தகத்தை அவர் கடைசியாக எப்போது திறந்தாரோ! ஓப்னியும் பினெகாசும் அரைக்கால் சட்டை போட்ட பையன்கள் அல்லர், சீலோவில் பதவியில் இருந்த ஆசாரியர்கள். பலியிட வந்த ஜனங்களின் பானையில் மூன்று கூருள்ள ஆயுதத்தை விட்டு, வந்ததையெல்லாம் வாரிக்கொண்டார்கள். தர மறுத்தவர்களைப் பலவந்தமாகப் பிடுங்குவோம் என்று மிரட்டினார்கள். கூடார வாசலில் கூடிய பெண்களோடு படுத்தார்கள். பினெகாஸ் செத்த அன்று அவன் மனைவிக்குப் பிரசவ வேளை. ஏலியின் மேல் சுமத்தப்பட்ட குற்றமும் சின்ன வயதில் பையன்களுக்கு இரண்டு போடவில்லை என்பதல்ல. காணிக்கையில் முதல்தரமானதைத் தின்று அப்பனும் பிள்ளைகளுமாகக் கொழுத்தார்கள் என்பது. இது பிள்ளை வளர்ப்பைப் பற்றிய அதிகாரமா, காணிக்கையில் கைவைக்கிற குருமாரைப் பற்றிய அதிகாரமா?

அதே ஆலயத்தில் நிஜமாகவே ஒரு பிள்ளையும் இருந்தான். பெரியவர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆண்டவர் சொல்ல வேண்டியதை வயதான ஆசாரியனிடம் சொல்லாமல், படுத்திருந்த சாமுவேலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னது என்ன? உன்னை வளர்க்கிற பெரியவரின் வீடு முடிந்தது என்பதை! விடிந்ததும் அதைச் சொல்லப் பிள்ளை பயந்தான். ஏலியோ ஒன்றையும் மறைக்காதே என்று ஆணையிட்டுக் கேட்டார், தனக்கு எதிரான தீர்ப்பை ஒரு பையன் வாயிலிருந்து கேட்டு, அது கர்த்தருடைய வார்த்தைதான் என்று ஒப்புக்கொண்டார். எத்தனையோ குறை உள்ள அந்தக் கிழவர் செய்த நல்ல காரியம் அது. நம் பள்ளிகளில் ஒரு பையன் தலைமையாசிரியரிடம் போய் அப்படி ஒரு செய்தி சொல்லட்டும் பார்ப்போம்.

பிரம்பு வசனங்கள் நீதிமொழிகளில் இருக்கின்றன. 13, 22, 23, 29ஆம் அதிகாரங்களில் பிள்ளைகளைப் பற்றியே இருக்கின்றன. நான் மறைக்கப் போவதில்லை. அவற்றில் ஒவ்வோர் எழுத்தும் இன்றைக்கும் கட்டளை என்றால், உபாகமம் 21ஆம் அதிகாரம் என்ன ஆவது? அடங்காத, தண்டித்தும் கேட்காத மகனைத் தாயும் தகப்பனும் பட்டண வாசலுக்குப் பிடித்துக்கொண்டு போக, ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது அது. அதற்கு மட்டும் அந்தக் காலத்து நியாயம் என்று விளக்கம் வருகிறது. கல்லைக் கீழே போட ஒரு விளக்கம் கிடைக்கிறவருக்குப் பிரம்பைக் கீழே போட மட்டும் கிடைக்கவில்லை. இன்னொன்று, பிரம்பு ஞானத்துக்குச் சொந்தக்காரராக அவர் நிறுத்துகிற சாலொமோனின் சொந்த வளர்ப்பு எப்படி? வேதம் விரிவாகக் கதை சொல்கிற அவருடைய மகன் ரெகொபெயாம். 41 வயதில் பட்டத்துக்கு வந்தவன். பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். என் தகப்பன் சவுக்கால் தண்டித்தான், நான் தேளால் தண்டிப்பேன் என்ற பொருளில் அவன் பதில் கொடுத்தான். பத்துக் கோத்திரம் அன்றைக்கே போயிற்று. அடித்து வளர்ப்பதால் சபை நிற்கும் என்கிறவர், சாலொமோன் வீட்டில் ராஜ்யம் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்தது ஜென்ம பாவம். இங்கேதான் அவர் வாதத்தின் அடிவயிறு தெரிகிறது. ஆதாமின் பாவம் எல்லாருக்கும் உண்டு என்பது சபையின் போதனை. எல்லாருக்கும் என்றால் தலைமையாசிரியருக்கும் உண்டு, சேகரச் செயலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பாவம்தான் அடிக்குக் காரணம் என்றால் அடி எல்லா முதுகிலும் விழ வேண்டும். விழுவதோ கைக்கு எட்டுகிற முதுகில், திருப்பி அடிக்க முடியாத முதுகில். இங்கே அளவுகோல் பாவமல்ல, உயரம். இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. நம் சபையில் மூன்று மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். ஞானத்தாய், ஞானத்தகப்பன் நின்று பொருத்தனை பண்ணுகிறார்கள்; கிறிஸ்துவின் அங்கம் என்று குழந்தையை ஏற்றுக்கொள்கிறோம். தண்ணீர் தொட்ட பிறகும் பிரம்பு தொட்டால்தான் பிள்ளை சுத்தமாகும் என்றால், அந்தத் தண்ணீர் எதற்கு ஐயா?

இந்த இடத்தில் அகஸ்டினைத் துணைக்கு இழுத்திருக்கிறார். பால்குடிக் குழந்தையின் பொறாமையில்கூடப் பாவத்தைக் கண்டவர் அவர், உண்மைதான். ஆனால் அது வருகிற அவருடைய தன்வரலாற்று நூலின் அதே முதல் புத்தகத்தில், சில பக்கம் தள்ளி, தான் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியதையும் எழுதியிருக்கிறார். சின்னப் பையனாக அவர் கடவுளிடம் வேண்டிக்கொண்ட முதல் ஜெபமே பள்ளியில் அடி விழக் கூடாது என்பதுதான். அடித் தழும்பைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள், பெற்றோரும் சிரித்தார்கள் என்கிறார். பையன்கள் விளையாடியதற்கு அடித்த பெரியவர்களின் சொந்த விளையாட்டுக்குத் தொழில் என்று பெயர் என்று குத்தவும் செய்கிறார். கிட்டத்தட்ட 400ஆம் ஆண்டு வாக்கில், ஆயராகி, நடுவயதில் எழுதியது. அந்தச் சிரிப்பு அவருக்கு மறக்கவில்லை. ஜென்ம பாவத்தை மேற்கத்திய சபைக்கு வகுத்துக் கொடுத்த மனிதரே அடித்தவர்களை மன்னிக்கத் தடுமாறியிருக்கிறார்.

சூசன்னா வெஸ்லியை மேற்கோள் காட்டியது பொருத்தம்தான். பிள்ளையின் சித்தத்தை முதலில் ஜெயிக்க வேண்டும், அடிக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்க வேண்டும் என்று மகன் ஜானுக்கு 1732இல் எழுதியவர் அந்த அம்மாள். 19 பிள்ளை பெற்று ஏறக்குறைய பாதியைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். ஒரு தாய் தன் வீட்டுக்குப் போட்ட ஒழுங்கு வேதமாகிவிடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதே கடிதத்தில், தப்பை உண்மையாக ஒத்துக்கொள்கிற பிள்ளையை அடிக்கக் கூடாது, ஒரே தப்புக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்ற விதிகளும் இருக்கின்றன. அந்த வரிகள் மட்டும் கட்டுரைக்கு வந்து சேரவில்லை.

சபைப் பிதாக்கள் எல்லாரும் ஒரே குரல் என்பதும் கதை. யோவான் கிறிசோஸ்தோம் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கச் சொன்னவரல்லர், கண்டிப்பானவர். அவரே, அடி விழுமோ என்ற பயம் இருக்கட்டும், அடி விழ வேண்டாம், பழகிவிட்டால் பிள்ளைக்கு அதன்மேல் அலட்சியம் வந்துவிடும் என்றார். அன்செல்மிடம் ஒரு மடாதிபதி வந்து, இராப்பகலாக அடித்தும் பையன்கள் கெட்டுத்தான் போகிறார்கள் என்று அங்கலாய்த்ததை அவருடைய சரித்திரம் எழுதிய எட்மர் பதிந்திருக்கிறார். கன்றை நட்டு எல்லாப் பக்கமும் இறுக்கி அடைத்துவைத்தால் அது என்ன மரமாகும் என்று அன்செல்ம் திருப்பிக் கேட்டார். பதினோராம் நூற்றாண்டு. நம் பெரியவர் அங்கலாய்த்த மடாதிபதியின் பக்கம்தான் இன்னும் நிற்கிறார்.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 12ஆம் அதிகாரம் அவருடைய பெரிய பீரங்கி. கர்த்தர் எவரிடத்தில் அன்புகூருகிறாரோ அவரைச் சிட்சிக்கிறார் என்ற கருத்து. அது யாருக்கு எழுதப்பட்டது? விசுவாசத்துக்காகப் பாடுபட்டுச் சோர்ந்துபோன, வளர்ந்த மனிதர்களுக்கு. அதிலும் பத்தாம் வசனத்தில் ஆசிரியர் ஒரு கோடு கிழிக்கிறார்: மாம்சத் தகப்பன்மார் தங்களுக்கு நல்லதென்று தோன்றியபடி கொஞ்ச காலம் சிட்சித்தார்கள், தேவனோ நம் பிரயோஜனத்துக்காகச் செய்கிறார் என்று. தகப்பன் கையும் தேவன் கையும் ஒன்றல்ல என்பதே அங்கே வாதம். அதை எடுத்து, என் கைதான் தேவன் கை என்று நிறுவப் பார்ப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

உண்மையில் இந்தப் பிரம்பு எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அடியாத மாடு படியாது என்பது எந்த நிருபத்தில் இருக்கிறது? கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார் என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தகப்பன் பவுலைப் படித்துவிட்டா சொன்னான்? திண்ணைப் பள்ளியில் பையனைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்ட கோதண்டம் மிஷனரி வருமுன்பே இங்கே இருந்தது. மிஷனரி தன் ஊர்ப் பள்ளியின் பிரம்பையும் கூடவே கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்த பழக்கத்துக்குப் பிறகு வசனத்தால் ஞானஸ்நானம் கொடுத்தோம். பவுல் எழுதியதோ வேறு. எபேசியருக்கும் கொலோசெயருக்கும், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்ன கையோடு தகப்பன்மாரைத் திரும்பிப் பார்த்து, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தார்; கொலோசெயருக்கு, அவர்கள் மனம் உடைந்துபோகும் என்றும் சேர்த்தார். பிள்ளையை என்ன செய்தாலும் தகப்பனுக்குச் சட்டம் துணைநின்ற ரோம ராஜ்யத்தில் இதை எழுதினார்.

அந்த ராஜ்யத்தில் ஒரு பிள்ளையின் விலை என்ன என்பதற்கு எகிப்து மணலில் கிடைத்த ஒரு கடிதம் போதும். கி.மு. 1ஆம் ஆண்டு. அலெக்சாந்திரியாவில் வேலைக்குப் போயிருந்த இலாரியோன் மனைவி ஆலிசுக்கு எழுதுகிறான். குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், கூலி வந்ததும் அனுப்புகிறேன், உன்னை எப்படி மறப்பேன் என்றெல்லாம் எழுதுகிறான். நடுவே, பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் எறிந்துவிடு என்கிறான். கொடுமைக்காரன் எழுதிய கடிதமல்ல இது, பாசக்காரன் எழுதியது. அன்பினால்தான் அடிக்கிறோம் என்று பெரியவர் ஐந்து இடத்தில் எழுதும்போதெல்லாம் எனக்கு இலாரியோன் ஞாபகம்தான் வந்தது. அவனிடமும் அன்பு இருந்தது. பிள்ளை தனக்கென்று ஒரு மதிப்போடு வருகிறது என்ற எண்ணம்தான் இல்லை. ஆதிச் சபை அங்கேதான் முரண்டு பிடித்தது. பிறந்த குழந்தையைக் கொல்லாதே என்று சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்றான டிடாக்கே கட்டளையாகவே எழுதிவைத்தது.

அதற்கு முன்மாதிரி இயேசு. பிள்ளைகளை அவரிடம் கொண்டுவந்தபோது அதட்டியது சீஷர்கள்; அவர் விசனப்பட்டது சீஷர்கள்மேல். அந்தக் கோபத்தை மாற்கு மட்டும்தான் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு இடறல் உண்டாக்குகிற பெரியவனுக்குக் கழுத்தில் எந்திரக்கல்லும் கடலின் ஆழமும் என்றார். சுவிசேஷங்களில் பிள்ளைகள் காரணமாகத் தண்டனை பேசப்படும் இடம் அது, தண்டனை பெரியவர்களுக்கு. அவரே பிள்ளையாக இருந்தபோதும் ஒரு சம்பவம் உண்டு. 12 வயதில் சொல்லாமல் கொள்ளாமல் எருசலேமில் தங்கிவிட்டார். மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்த தாய், ஏன் இப்படிச் செய்தாய், தேடித் தவித்தோமே என்று கேட்டாள். பையன் எதிர்க்கேள்வி கேட்டான். பெற்றோருக்குப் புரியவில்லை. அடி விழவில்லை. பிறகு அவர்களோடு ஊருக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தான். பெரியவரின் சூத்திரப்படி அந்தக் கீழ்ப்படிதல் எங்கிருந்து வந்தது?

சட்டத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது ஆபத்தானது, பள்ளித் தாளாளர்கள் நம்பிவிடக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடுக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. ஆகவே நமக்குத் தடையில்லை என்கிறார். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 2003லேயே அடி தடுக்கப்பட்டதை விட்டுவிட்டார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிற எவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை என்பதையும், பிள்ளைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் செய்தால் ஐந்து ஆண்டு வரை போகும் என்பதையும் விட்டுவிட்டார். சட்டத்தை விடுங்கள். சிறுபான்மை உரிமை என்று முன்னோர் போராடி வாங்கியதை, பிள்ளையை அடிக்க ஒரு சந்து என்று பார்க்கிற கண்ணை என்ன சொல்வது?

வாலிபர்கள் ஏன் போகிறார்கள் என்று அவர்களையே கேட்டிருக்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் நீதிமன்றப் படியேறும் திருமண்டலங்களையும், திருவிருந்தில் ஒரே பாத்திரம் என்றுவிட்டுப் பெண் பார்க்கும்போது சாதி கேட்கும் சபைகளையும் ஓய்வுநாள் பள்ளி வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

தீர்மானம் கவுன்சிலுக்கு வரட்டும். எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன் நான் ஒரு திருத்தம் கொடுப்பேன். நீதிமொழிகள் 10:13, 26:3 இரண்டும் புத்தியில்லாதவனின் முதுகுக்கும் பிரம்பை எழுதியிருக்கின்றன, வயது வரம்பு சொல்லவில்லை. வேதப்படியான தண்டனைதான் வேண்டுமென்றால் பிள்ளைகள் என்ற சொல்லை எடுத்துவிட்டு, கவுன்சில் உறுப்பினர், தாளாளர், சேகரக் கமிட்டியார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எல்லாருக்கும் பொருந்தும்படி அதைத் திருத்த வேண்டும். முன்மொழிய நான் தயார். வழிமொழியப் பெரியவர் எழுந்து நிற்பாரா?