பாலாற்றின் பாக்கி

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை மாசுபடுத்துவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கெடுதல் அறிவியல்படி உறுதியாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது அந்தத் தீர்ப்பு. பாதிக்கப்பட்ட வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை விவசாயிகளுக்கோ இழப்பீடு முழுதாகக் கிடைக்கவில்லை. பாக்கியை ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடியுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

அந்த இழப்பீடு எவ்வளவு என்று பார்த்தால் வேதனை இன்னும் கூடும். தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் கணக்கெடுப்பை முடித்தது. கெட்டுப்போன நிலம் 15,000 ஹெக்டேருக்கு மேல். பாதிக்கப்பட்டோர் 29,000-க்கு மேல். பொறுப்பேற்க வேண்டிய தோல் தொழிற்சாலைகள் 547. தர வேண்டிய தொகை ஏறத்தாழ 27 கோடி ரூபாய். தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறாத தொகை இது. அதுவும் 1991 முதல் 1998 வரையிலான சேதத்துக்கு மட்டுமே. 1999 முதல் நிலத்திலும் கிணற்றிலும் இறங்கிய கழிவுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. சேதம் சரியாகும் வரை ஈடு கொடுத்தாக வேண்டும் என்று 2025 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. எனவே பழைய பட்டியலில் உள்ளவர்களுக்குப் பணம் கொடுத்ததோடு கோப்பை மூடிவிட அரசுக்கு உரிமை கிடையாது.

இந்த நிலை எப்படி வந்தது? முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் இங்கே தோல் பதனிட்டார்கள். அப்போதும் நாற்றம் இருந்தது, கழிவு இருந்தது. ஆனால் அளவு குறைவு. 1970-களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோமியம் உப்பைப் போட்டு வேகமாகப் பதனிடும் முறை பரவியது. தண்ணீரும் அமிலமும் சாயமும் தேவைப்படும் வேலைகள் பாலாற்றங்கரையில் குவிந்தன. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தொட்டியில் போடும் குரோமியத்தில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் கழிவோடு வெளியேறிவிடுகிறது.

குரோமியத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பை வாரிப் பூசுவார்கள். அந்தத் தோலை ஊறவைக்கும் முதல் தொட்டியிலேயே உப்பின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் வயலில் பாய்ந்தால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. களிமண் உப்பி இறுகிவிடும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. தென்னை காய்ப்பு குறைந்தது, நெல் போய்விட்டது, கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் இதன் விளைவுதான். ஒரே ஆண்டில் நடந்த விபத்து என்றால் மண் தேறியிருக்கும். இது பல பத்தாண்டுகளாக நாள்தோறும் நடந்தது.

ராணிப்பேட்டையில் இருப்பது இதைவிடக் கொடியது. குரோமிய ரசாயனங்கள் தயாரித்த ஓர் ஆலை 1990-களில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அப்படியே மேடாக விட்டுவிட்டுப் போனது. தோல் கழிவில் பெரும்பாலும் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். இந்த மேட்டில் இருப்பதோ ஆறு இணைதிறன் கொண்டது. தண்ணீரில் எளிதாகக் கரையும். தோலில் பட்டால் புண்ணாகும். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து நிலத்தடிக்கு இறங்குகிறது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்று என 2006-இல் ராணிப்பேட்டையை ஒரு சர்வதேச அமைப்பு பட்டியலிட்டது. அதன் பிறகும் ஆய்வுகள் வந்தன, திட்டங்கள் வந்தன, கூட்டங்கள் நடந்தன. மேடு மட்டும் அகலவில்லை.

தொழிலை மூடினால் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் அந்தத் தொழிலாளர்களைக் காட்டிக் கழிவைக் காப்பாற்றக் கூடாது. முதலில் பலியாவதும் அவர்களேதான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்திலிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்து அங்கேயே தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள்.

சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை இப்போது இருக்கிறதே என்று தொழில்துறை சொல்கிறது. சவ்வு வழியாக நீரை வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். அது முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கலவை உப்பு எங்கே போகிறது? யாரும் வாங்காததால் சுத்திகரிப்பு நிலைய வளாகங்களிலேயே குவிகிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆம்பூர் அருகே மாராப்பட்டுப் பக்கம் பாலாறு நுரைத்து ஓடுகிறதென்றால், யாரோ மழையை எதிர்பார்த்துக் கழிவைத் தேக்கி வைக்கிறார்கள் என்றுதான் பொருள். அவர்களைக் கண்டுபிடிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் முடியாதா? மழை இரவுகளில் ரோந்து போனாலே போதும்.

அரசு செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. பழைய பாக்கியைத் தன் கருவூலத்திலிருந்து உடனே கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்கட்டும். உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. 1999 முதல் இன்றுவரையிலான சேதத்துக்குப் புதிய கணக்கெடுப்பு தொடங்க வேண்டும். நிலம் வைத்திருப்பவரோடு, அந்த நிலத்தில் கூலி வேலை இழந்தவரும் அதில் இடம்பெற வேண்டும். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு ஊரின் கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவும் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ராணிப்பேட்டைக் குரோமிய மேட்டை அகற்றும் பணிக்குத் தனி நிதி ஒதுக்கி, முடிக்கும் தேதியைச் சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவிக்க வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் அந்த ஒதுக்கீடு இடம்பெற வேண்டும் என்று அந்த மூன்று மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராக இருந்தாலும், ஒன்றாக எழுந்து கேட்க வேண்டும்.