கோமாளி மீனுக்குக் கடல்சாமந்தி கட்டாயமா?

கோமாளி மீன் வாங்குபவர் கடல்சாமந்தி ஒன்றையும் சேர்த்து வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் மீன் ஏங்கிச் செத்துவிடும் என்பது வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்போரிடம் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படம் அதைக் குழந்தைகள் மனத்திலும் பதித்தது. இந்த நம்பிக்கை தவறு. அதற்கு விலையாகப் போவது கடல்சாமந்தியின் உயிர்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடலில் கோமாளி மீன்கள் கடல்சாமந்தியை விட்டு அகலுவதில்லை. சுமார் 30 வகைக் கோமாளி மீன்களுக்கு இடம் கொடுப்பவை 10 வகைக் கடல்சாமந்திகள்தாம். இந்த மீன் வேகமாக நீந்தத் தெரியாதது. கொட்டும் உணர்கொம்புகளுக்கிடையே ஒளியாவிட்டால் பெரிய மீனுக்கு இரையாகிவிடும். ஆகவே கடல்சாமந்தி அதற்கு அரண். வேட்டையாடும் மீனே இல்லாத வீட்டுத் தொட்டியில் அந்த அரணுக்கு வேலை இல்லை.

சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறினால் எட்டிவிடும் விழிஞ்ஞத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அலங்காரக் கடல்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைக்கும் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இத்துறையில் பெயர்பெற்றது. பொரிப்பகங்களில் ஓட்டிலோ மண்சட்டியிலோ கோமாளி மீன் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் கடல்சாமந்தியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வளர்ந்து, தாமும் முட்டையிடுகின்றன.

கடல்சாமந்தியின் நிலை வேறு. பெயரில் பூ இருந்தாலும் அது விலங்கு. அதன் திசுக்களில் குடியிருக்கும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு அதற்கு உணவில் பெரும்பங்கைத் தருகின்றன. ஒளி குறைந்தாலும் வெப்பம் ஏறினாலும் பாசி வெளியேறி உடல் வெளிறுகிறது. கடையில் பால்வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் இப்படிப் பட்டினி கிடக்கும் உயிர்தான். சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. 25 முதல் 27 டிகிரி வரை அதற்கு ஏற்ற வெப்பம். கோடையில் பகல் வெப்பம் 33 டிகிரியைத் தொடும் திருவனந்தபுரத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி அதற்குக் கொலைக்களம்.

சில வாரங்களில் அது செத்துவிட்டால் “அதன் ஆயுளே அவ்வளவுதான்” என்று சமாதானம் சொல்வதும் பொய். 1828இல் ஸ்காட்லாந்துக் கரையில் சர் ஜான் டாலியெல் எடுத்துவந்த கடல்சாமந்தி ஒன்று, கண்ணாடிக் குடுவையில் 1887 வரை உயிரோடிருந்தது. அது குளிர்கடல் வகைதான், பவளத்திட்டு வகையன்று. ஆயினும் இந்த இனத்தின் ஆயுள் வாரக் கணக்கில் முடிவதல்ல என்பதற்கு அது போதும்.

வாங்குவோர் மீனுக்கும் கடல்சாமந்திக்கும் உள்ள பொருத்தமும் பார்ப்பதில்லை. ‘கார்ப்பெட்’ என்று விற்கப்படும் ஹேடோனி வகை அரை மீட்டருக்கு மேல் விரியும். உணர்கொம்பில் அகப்படும் மீனை விழுங்கும். அது சீபே கோமாளி மீனின் இயல்பான துணை. ஆரஞ்சு நிற நீமோ வகை கடலில் அதை நாடுவதில்லை.

தகுதியான தொட்டி உள்ளவர் கடல்சாமந்தியை வளர்க்கலாம். தொட்டிக்கு ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக, உப்பு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் நிலைத்திருக்க வேண்டும். வாய் இறுக மூடி, அடிப்பாதம் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதையே வாங்க வேண்டும். பையை மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பின், பம்புகளை நிறுத்திப் பாறை இடுக்கருகே வைத்து, பாதம் பற்றும் வரை விட்டுவிட வேண்டும். முதல் நாட்களில் சுருங்கிப் பழுப்புச் சளியைக் கக்கும், அது சாவன்று. ஆனால் இடம் பிடிக்காவிட்டால் நகரும். நீரோட்டம் தரும் பவர்ஹெட்டின் வாயில் வலை கட்டாதிருந்தால் அதில் சிக்கிச் சிதையும், சிதைந்த உடல் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கும்.

பிலிப்பைன்ஸின் செபு கடற்பகுதியில் வணிகச் சேகரிப்பு நடக்கும் திட்டுகளில் கடல்சாமந்தியும் கோமாளி மீனும் ஒருசேரக் குறைந்திருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தொட்டியில் சாகும் ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கடலிலிருந்து இன்னொன்று பறிக்கப்படுகிறது. கோமாளி மீன் வாங்குவோர் பொரிப்பகத்து மீனைக் கேட்டு வாங்கட்டும். ஒதுங்க ஒரு மண்சட்டி வைக்கட்டும். கடைக்காரர் கூடவே நீட்டும் கடல்சாமந்தியை வேண்டாம் என்று சொல்லிவிடட்டும்.