பழைய வீடியோ கேமுக்கு 48 ஆயிரமா? கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன வாரம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வயசு 26, கோயம்புத்தூர்ல ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 41 ஆயிரம். "அண்ணா, ஒரு நின்டெண்டோ 64 செட்டும் நாலு ஒரிஜினல் கேசட்டும் வெளிநாட்டு செல்லர்கிட்ட பார்த்து வெச்சிருக்கேன். ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் சேர்த்து 48 ஆயிரம். கிரெடிட் கார்டுல போட்டுடலாமா? விலை ஏறிட்டேதான் இருக்கு, இது ஒரு முதலீடு மாதிரிதானே?"

கேள்வியில இருந்த "முதலீடு" என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன்.

விலை ஏன் இப்படி ஏறுது?

காரணம் ரொம்ப சிம்பிள். 1990-கள்ல வந்த ஒரு கேசட்டை இனி யாரும் புதுசா தயாரிக்கப் போறதில்லை. இருக்கிறதும் வருஷா வருஷம் உடையுது, தொலையுது. அன்னைக்கு அதை ஆடின பசங்களுக்கு இன்னைக்கு 35, 40 வயசு. கையில காசு இருக்கு, மனசுல ஏக்கம் இருக்கு. 2020 லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தப்போ இந்த ஏக்கம் உச்சத்துக்குப் போச்சு.

அதுக்கு மேல வந்ததுதான் ஏல வியாபாரம். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில், பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 பெட்டி 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 11.6 கோடி ரூபாய்! அடுத்த மாசமே, பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 20 லட்சம் டாலருக்கு விற்றதாக செய்தி வந்தது.

இங்கதான் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். சூப்பர் மாரியோ 64 அபூர்வமான கேமே கிடையாது. 1996-ல் வந்து, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்ற கேம் அது. 11 கோடி கொடுத்தவர் கேமுக்குக் கொடுக்கலை. பிளாஸ்டிக் உறை கிழியாத அட்டைப் பெட்டிக்கும், அதுக்கு ஒரு தரச்சான்று நிறுவனம் போட்ட 9.8 மார்க்குக்கும் கொடுத்தார். நீங்க வாங்கப் போறது உறை பிரிச்ச, ஓரம் தேய்ந்த, யாரோ ஒருத்தர் பேனாவால பேர் எழுதி வெச்ச கேசட். அந்தச் செய்தியைப் படிச்சுட்டு இந்தக் கேசட்டை வாங்கறது, அண்ணா நகர்ல ஒரு கிரவுண்ட் என்ன விலைன்னு கேட்டுட்டு செங்கல்பட்டைத் தாண்டி மனை வாங்கற கதைதான்.

இது முதலீடா? கணக்கு போடலாம்

முதலீடுன்னா மூணு கேள்வி கேக்கணும்.

முதல் கேள்வி: நடுவுல வருமானம் வருமா? எஃப்.டி. வட்டி தரும், பங்கு டிவிடெண்ட் தரலாம், வீடு வாடகை தரும். கேசட் அலமாரியில தூசிதான் சேர்க்கும்.

இரண்டாவது: அவசரத்துக்கு விற்க முடியுமா? மியூச்சுவல் ஃபண்டை இன்னைக்கு வித்தா சில நாள்ல காசு அக்கவுண்ட்ல. நின்டெண்டோ 64 கேசட்டை நம்ம ஊர்ல யாருகிட்ட விப்பீங்க? வாங்கற ஆளைத் தேடணும். அவர் பாதி விலைக்குக் கேட்பார். வெளிநாட்டுக்கு விற்றால் தளத்தோட கமிஷன், கூரியர், வழியில உடைஞ்சா அந்த நஷ்டமும் உங்களோடது.

மூன்றாவது: பொருள் கெடாம இருக்குமா? இருக்காது. சேவ் பண்ணும் வசதி உள்ள பழைய கேசட் நிறையவற்றில் உள்ளே ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேவ் போச்சு. கன்சோல்ல கெப்பாசிட்டர் கசியும், பி.எஸ்.2-ல லென்ஸ் போகும். அமெரிக்க, ஜப்பானிய செட்டை அதோட அடாப்டரோட நம்ம 230 வோல்ட் பிளக்குல நேரா சொருகினா ஒரே புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனி செலவு.

இப்போ கார்டு கணக்கு. 48,000 ரூபாயை கார்டுல போட்டுட்டு, மாசம் 5 சதவீதம், அதாவது 2,400 மட்டும் கட்டறீங்கன்னு வைங்க. மாச வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,680 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 302 ரூபாய். ஆக 1,982 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே சரியாப் போச்சு. அசல்ல குறைஞ்சது வெறும் 418 ரூபாய்! கேசட் விலை வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறினாலும், கார்டு 42 சதவீதம் வாங்கிட்டு இருக்கு. இதுல லாபம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

இதையே மாசம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி.-யா 5 வருஷம் போட்டா, கட்டினது 1.8 லட்சம். ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைச்சதுன்னு வெச்சுக்கிட்டா சுமார் 2.3 லட்சம். உத்தரவாதம் இல்லைதான். ஆனா இதுக்கு லென்ஸ் போகாது.

நானும் ஏமாந்தவன்தான்

அறிவுரை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. காலேஜ் ஹாஸ்டல்ல கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் போட்டு ராத்திரி முழுக்க போகிமான் எமரால்டு ஆடினவன் நான். முதல் போனஸ் வந்ததும் ஒரு பழைய கேம் பாய் அட்வான்ஸும், "ஒரிஜினல்"னு சொன்ன எமரால்டு கேசட்டும் ஆன்லைன்ல வாங்கினேன். கேசட் மட்டும் 6,500 ரூபாய்.

மூணு வாரம் ஆடினேன். கடைசி ஜிம்முக்குப் போற நேரத்துல சேவ் காணோம். கேசட்டோட கீழ்ப்பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஒரிஜினல் போர்டில் பின்களுக்கு மேலே இருக்க வேண்டிய நின்டெண்டோ எழுத்தே இல்லை. அச்சு அசல் டூப்ளிகேட். ரிட்டர்ன் காலம் முடிஞ்சிருந்தது. செல்லர் கணக்கும் காணாமப் போயிருந்தது.

6,500 போனதைவிட எனக்கு வலிச்சது வேற ஒண்ணு. அந்த மூணு வாரமும் நான் உண்மையிலேயே சந்தோஷமா ஆடியிருந்தேன், போலின்னு தெரியாமலே. அப்படின்னா எனக்கு வேண்டியிருந்தது கேமா, அந்த பிளாஸ்டிக்கா?

இதை நம்ம தலைமுறை கொஞ்சம் நேர்மையா கேட்டுக்கணும். நம்மில் பெரும்பாலோர் சின்ன வயசுல ஆடினது ஒரிஜினலே இல்லை. டிவியில சொருகற குளோன் செட்டு, "9999 இன் 1"னு போட்டு திரும்பத் திரும்ப அதே பத்து கேம் வர்ற மஞ்சள் கேசட்டு, பர்மா பஜார்ல வாங்கின பி.எஸ்.2 டிஸ்க்கு, பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடின வைஸ் சிட்டி. பெட்டியும் மேனுவலும் அமெரிக்கப் பசங்களோட ஞாபகம். நம்ம ஞாபகம் கான்ட்ராவுல பக்கத்துல உக்காந்து "என் லைஃபை எடுக்காதடா"ன்னு கத்தின பெரியப்பா பையன். அவனுக்கு ஒரு போன் போட்டா போதும்.

அப்போ எப்படி ஆடறது?

வழி நிறைய இருக்கு.

1. தொகுப்புகள்: 2019-ல் கொனாமி வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் ஸ்டீமிலேயே இருக்கு. ஒரு கேம் வாங்கற காசுக்கு மொத்தத் தொடரோட பழைய கேம்கள் வருது. 1995-ல் வந்த க்ரோனோ ட்ரிகரின் பழைய கேசட் மட்டுமே நூறு டாலருக்கு மேல் போகுது. அதே கேம் 2018 முதல் ஸ்டீமில் இருக்கு, பட்டியல் விலையே 15 டாலர்தான். சேல் வரும்போது இன்னும் குறையும். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணம் திரும்பக் கேட்கவும் முடியும்.

2. ஜி.ஓ.ஜி.: போலந்து நிறுவனம், 2008-ல் தொடங்கியது. பழைய பிசி கேம்களைப் பூட்டு எதுவும் இல்லாம விற்கிறாங்க. இன்ஸ்டாலரை டவுன்லோடு பண்ணி ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கலாம். கடையே மூடினாலும் கேம் உங்ககிட்ட இருக்கும். என் முதல் சாய்ஸ் இதுதான்.

3. சந்தா: உங்ககிட்ட ஏற்கெனவே பி.எஸ்.5 இருந்தா, பி.எஸ். பிளஸ் டீலக்ஸ்ல பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் இருக்கு. ஒரு மாசம் மட்டும் போட்டு, ஆடி முடிச்சு, நிறுத்திடுங்க. ஆட்டோ-பே ஆஃப் பண்ண மறக்காதீங்க!

4. எமுலேட்டர்: ரெட்ரோஆர்ச், பி.சி.எஸ்.எக்ஸ்.2 எல்லாம் இலவசம். 2024 ஏப்ரல்ல ஆப்பிளே ஐபோனுக்கு எமுலேட்டர்களை அனுமதிச்சுடுச்சு. ஆனா ஒண்ணு: எமுலேட்டர் வேற, கேம் ஃபைல் வேற. நெட்ல கிடைக்கிற ஃபைலை இறக்கறது காப்பிரைட் மீறல்தான். ஆயிரக்கணக்கான கேமோட வர்ற சீன கைக்கருவிகளுக்கும் இதே கதைதான். இதை மறைச்சு நான் பரிந்துரை பண்ண மாட்டேன்.

எதிர்த்தரப்பும் நியாயம்தான்

ஒரிஜினல் சேர்க்கிறவங்க சொல்ற ஒரு விஷயத்தை என்னால மறுக்க முடியலை. டிஜிட்டல்ல வாங்கினது நிஜமா நம்மோடதா? 2023 மார்ச் 27-ல் நின்டெண்டோ தன் 3டி.எஸ்., வீ யூ ஆன்லைன் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. 2021-ல் ஜி.டி.ஏ. டெஃபினிட்டிவ் எடிஷன் வர்றதுக்கு முன்னாடி, நாம ஆடின அந்தப் பழைய வைஸ் சிட்டி டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை.

அதனால ஒரிஜினல் வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். "முதலீடு"ன்னு பேர் வெச்சு வாங்காதீங்க. ஆசைக்கு வாங்கறோம்னு ஒத்துக்கிட்டு வாங்குங்க. ஆசைக்கு பட்ஜெட் போடலாம். முதலீடுன்னு நினைச்சுட்டா கடன்கூட வாங்கத் தோணும். ஆபத்து அங்கதான்.

என் விதி இதுதான்: 6 மாச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், மெடிக்கல் இன்சூரன்ஸ், மாச எஸ்.ஐ.பி. மூணும் ஓடிட்டு இருக்கணும். அதுக்கப்புறம் மாசம் சம்பளத்துல 2 சதவீதத்தை தனி அக்கவுண்ட்ல போடுங்க. 41 ஆயிரத்துக்கு 820 ரூபாய். ஒரு வருஷத்துல 9,840. அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு கேசட், போட்டோவுல போர்டைக் காட்டச் சொல்லி, நேர்ல பார்த்து வாங்குங்க. விலை நாளைக்கு பாதியானாலும் சிரிச்சுக்கிட்டே ஆடலாம்.

அந்தத் தம்பி நேத்து பதில் போட்டார். 48 ஆயிரத்தைக் கார்டுல போடலையாம். கான்ட்ரா தொகுப்பை வாங்கி, இன்னொரு கன்ட்ரோலரும் சேர்த்து வாங்கியிருக்கார். ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வர்றாராம்.

உங்க சின்ன வயசு கேம் எது? சொல்லுங்க. அடுத்த வீடியோல, ஆசைக்குன்னு தனி அக்கவுண்ட் எப்படிப் பிரிக்கிறதுன்னு பார்க்கலாம்.