ராணிப்பேட்டை தண்ணியில் குரோமியம்: கண்ணால் பார்த்தா தெரியாது, ‘கிட்’ வைத்துப் பார்த்தாலும் தெரியாது!

மழை என்றால் ஊருக்கு ஊர் சந்தோஷம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மட்டும் மழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மூடிப் போன குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் மஞ்சள் மஞ்சளாய் இறங்கி ஓடியதை அந்த வட்டாரம் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறது.

தோல் பதனிட வேண்டிய குரோம் உப்புகளைச் செய்து கொடுத்தது ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ ஆலை. 1970-களில் திறந்தார்கள், 1990-களின் நடுவில் இழுத்து மூடினார்கள். ஆலை போனது, கழிவு போகவில்லை. குவிந்து கிடந்தது 2 லட்சம் டன்னுக்கு மேல்! 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்திலேயே மிக மோசமாகக் கெட்டுப்போன 10 இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. செர்னோபில்லோடு ராணிப்பேட்டையும் அதில் இடம் பிடித்தது. மேலே கிடப்பதை அள்ளி விடலாம். மண்ணுக்குள் இறங்கியது இறங்கியதுதான்.

சாதுவும் வில்லனும்

குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். தோல் ஊறும் தொட்டியில் போடுவது ‘குரோமியம் 3’. சுலபத்தில் கரையாது, ஓரளவு சாது. (சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே ‘குரோம்’ தோல் கம்பெனியால்தான்.) வில்லன் ‘குரோமியம் 6’. தண்ணீரில் கரைந்து நிலத்தடியிலேயே நடந்து போகும். மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் என்பது எப்போதோ முடிவான விஷயம். குடித்தால்? அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வில் எலிகளுக்கு இதைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். வாயிலும் சிறுகுடலிலும் கட்டி வந்தது. 2008-ல் வெளிவந்த முடிவு இது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு தண்ணீர் கிடைக்காத ஊர் என்று சலுகையும் கிடையாது. தண்ணீர் மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு கலந்திருக்க வேண்டும். ஆகவே, “தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் என்ன?” என்ற பேச்செல்லாம் இங்கே செல்லாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

பெட்டியில் இல்லாத சோதனை

2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி, கையில் ஒரு சோதனைப் பெட்டி என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வழக்கமான பெட்டி எதைப் பார்க்கிறது? உப்பு, கடினம், புளோரைடு, இரும்பு, நைட்ரேட், குளோரின்... குரோமியம் அதில் இல்லை! ‘எல்லாம் ஓகே’ என்று தாளில் எழுதினால், பார்த்ததெல்லாம் ஓகே என்றுதான் அர்த்தம். பார்க்காதது?

குரோமியத்துக்கு ஆய்வுக்கூடம் போயே ஆக வேண்டும். அங்கேயும் ஒரு சூட்சுமம். மொத்த குரோமியம் பார்க்க எடுக்கும் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைப்பார்கள். ஆசிட் பட்டால் வில்லன் சாதுவாக மாறி விடக் கூடும். ‘6’ எவ்வளவு என்று தனியாகத் தெரிய வேண்டுமென்றால் வேறு பாட்டில், ஐஸ் பெட்டி, சீக்கிரம் கொண்டு சேர்ப்பது என்று தனி வேலை. கலிபோர்னியா மாநிலம் 2024-ல் ‘6’-க்கு மட்டும் தனியாக 0.01 மில்லிகிராம் என்று வரம்பு போட்டு விட்டது. இங்கே இன்னும் மொத்தக் கணக்குத்தான்.

இன்னொன்று, தண்ணீரை எங்கே பிடித்தார்கள் என்பது. மேல்நிலைத் தொட்டிக்குத் தூரத்து ஆற்றுத் தண்ணீர் வரலாம். அதைச் சோதித்து ‘பாஸ்’ போடுவதில் கஷ்டமே இல்லை. குழாயில் காற்று வரும் நாளில் குடம் போவது தெரு போர்வெல்லுக்கு. அந்தத் தண்ணீரை யார் பார்த்தது? மழைக்கு முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

தீர்ப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. கெடுத்தவன்தான் செலவைக் கட்ட வேண்டும் என்று வேலூர் தோல் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது 1996-ல். அதே பாலாற்றுக்காக மறுபடி சொன்னது 2025 ஜனவரியில். நடுவில் 28 வருஷத்துக்கு மேல்!

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடங்களில் பொதுமக்களும் பணம் கட்டித் தண்ணீரைக் கொடுக்கலாம். மனுவில் ‘குரோமியம்’ என்று பேர் சொல்லி எழுத வேண்டும், பதிலில் ‘ஓகே’ அல்ல, எண் வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆனால் ஊர்ப் பொது போர்வெல்லுக்கு ஜனங்கள் ஏன் சொந்தப் பணம் கட்ட வேண்டும்? ரேஷன் கடை வாசலில் சர்க்கரை, பருப்பு இருப்பு எழுதும் பலகை இருக்கிறதே... எந்த போர்வெல், தண்ணீர் எடுத்த தேதி, குரோமியம் எவ்வளவு என்று அதில் மூன்று வரி சேர்க்க அதிகாரிகளுக்கு எத்தனை சாக்பீஸ் செலவாகி விடும்?