ஒப்புக்கொண்டால்தான் திருந்த விடுவார்களா?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம், சனிக்கிழமை இரவு, மதுக்கடை வாசலில் ஒரு கைகலப்பு. பத்தொன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேரைப் போலீஸ் பிடிக்கிறது. ஒருவன் வெள்ளையினத்தவன், மற்றவன் கறுப்பினத்தவன். இருவருக்கும் இதுதான் முதல் தடவை. முதலாமவன், "ஆமாம், அடித்தேன், தப்புதான்" என்கிறான். நிபந்தனையோடு ஓர் எச்சரிக்கை, கோபத்தை அடக்கச் சொல்லித்தரும் சில வகுப்புகள், அவ்வளவுதான். இரண்டாமவன் வாயே திறக்கவில்லை. அவனுக்கு கோர்ட்.

செய்த காரியம் ஒன்று. வழி மட்டும் ஏன் இரண்டு?

காரணம் எளிது. அந்த நாட்டில் இளைஞர்களை கோர்ட்டுக்கு அனுப்பாமல் திருத்தும் திட்டங்கள் பலவற்றில் நுழைவுச்சீட்டு ஒன்றுதான்: குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தப்பை உணராதவன் எப்படித் திருந்துவான் என்பார்கள்.

ஆனால் அந்தப் பையன் ஏன் பேசவில்லை? திமிரா? இல்லை. போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை. டேவிட் லாமி என்ற தொழிற்கட்சி எம்.பி.யிடம் 2016ல் கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரூன் ஒரு ஆய்வை ஒப்படைத்தார். 2017ல் அறிக்கை வந்தது. பிரிட்டனில் பிறந்த சிறுபான்மை இனத்தவரில் 51 சதவீதம் பேர் நீதித்துறை பாரபட்சம் காட்டுகிறது என்று நம்புகிறார்கள். வெள்ளையரில் 35 சதவீதம். நம்பாதவன் எதிராளியிடம் வாக்குமூலம் கொடுப்பானா? வக்கீலும் "பேசாதே" என்றுதான் சொல்லியிருப்பார். பேசாமல் இருப்பது அவன் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்குத்தான் இந்த அபராதம்!

விளைவைப் பாருங்கள். அதே அறிக்கையின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் சிறுபான்மை இனத்தவர் 14 சதவீதம். சிறைக் கைதிகளில் 25 சதவீதம். காவலில் இருந்த சிறார்களிலோ 40 சதவீதத்துக்கும் மேல். இதற்கு ஒப்புதல் விதி ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெளியேற இருந்த கதவுகளில் ஒன்றை அடைத்தது அந்த விதி.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது, செய்தும் பார்த்துவிட்டார்கள். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் நடத்திய 'டர்னிங் பாயின்ட்' சோதனையில், குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டிய கட்டத்துக்கு முன்பே வழக்கை நிறுத்திவைத்தார்கள். பயிற்சியை ஒழுங்காக முடித்தால் வழக்கு இல்லை. பாதியில் ஓடினால் கோர்ட். வன்முறை வழக்குகளில் சிக்கியவர்கள் மறுபடி தப்புச் செய்வது, நேராகக் கோர்ட்டுக்குப் போனவர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. இதை நாடு முழுக்கக் கொண்டுவரச் சொன்னார் லாமி.

"அடிபட்டவன் கதி என்ன?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதே சோதனையில் பாதிக்கப்பட்டவர்களின் திருப்தி கூடியதே தவிரக் குறையவில்லை. அவர்களுக்கு வேண்டியது இன்னொருவனுக்கு இது நடக்கக் கூடாது என்பது. கோர்ட்டில் மாதக்கணக்கில் இழுத்தால் அது கிடைத்துவிடுமா?

"தப்பே செய்யாதவனும் பயந்துபோய் வகுப்புக்கு ஒத்துக்கொள்வானே?" இது உண்மையான ஆபத்து. அதனால்தான் சம்மதிக்கும் முன் வக்கீலைப் பார்க்கும் வாய்ப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் இப்போதைய முறையில் இந்த ஆபத்து இன்னும் பெரிது அல்லவா? செய்யாததைச் 'செய்தேன்' என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டுவதே அந்த விதிதானே!

2019ல் ஒரு சிறு வெளிச்சம் வந்தது. ஒப்புதல் இல்லாமலே பயிற்சிக்கு அனுப்பி வழக்கை முடிக்கப் போலீஸுக்கு 'அவுட்கம் 22' என்று தனிக் கணக்குத் தலைப்பு கொடுத்தார்கள். ஆனால் 2022ல் நிறைவேறிய சட்டமோ, இரண்டு புது வகை எச்சரிக்கைகளை வகுத்து, இரண்டுக்குமே ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்குவது என்பது இதுதான்.

நம்பிக்கை என்பது அரசாங்கம் சம்பாதிக்க வேண்டிய முதல். அதை அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?