இனாம் கொடுத்தால் போதுமா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, அந்த மாடு அடுத்தவன் பயிரை மேய்கிற மாடாக இருந்தால்? பழமொழி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் சொல்ல வந்தது அப்படிப்பட்ட ஒரு தானத்தைப் பற்றித்தான்.

நாம் அனுப்பும் மின்னஞ்சல் தானாகவே பறந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று பலருக்கு எண்ணம். அதை வாங்கி, விலாசம் பார்த்து, பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்புகிற அஞ்சல் நிலையம் ஒன்று நடுவில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நிரல்களில் ஸெண்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் ஆகியவை பெயர் பெற்றவை. மூன்றையும் எவரும் இனாமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதை எப்படி நடத்துவது என்று சொல்லும் கையேடு எந்த உருவத்தில் நம் கைக்கு வருகிறது? அதைப் பற்றித்தான் என் வழக்கு.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். படிக்கிறவன் யார், எங்கே, எந்த நிலைமையில் உட்கார்ந்து படிக்கிறான் என்று யோசிப்பதைத் தவிர எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நிரல் எந்த மூட்டையில் வருகிறதோ அதே மூட்டையில், அதே பதிப்புக்கு உரிய முழுக் கையேடும் சாதாரண எழுத்துக் கோப்பாக வர வேண்டும். இணையப் பக்கம், அச்சுப் புத்தகம் போன்ற பிடிஎஃப் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. 1995-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேஸல் என்பவர் எக்ஸிமை எழுதத் தொடங்கினார். அந்த மூட்டையைப் பிரித்தால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கையேடு முழுவதும் வெறும் எழுத்தில் இருக்கிறது. அழகாக வேண்டுமென்பவர்களுக்கு மற்ற உருவங்கள் தனியே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான்; அதிலிருந்தே ஒவ்வோர் உருவமும் பிறக்கிறது. அந்த மூலத்தை எழுத வசதியாக 'எக்ஸ்எஃப்பிடி' என்று ஒரு சிறு நிரலையும் ஹேஸலே செய்துகொண்டார். வீட்சே வெனெமா எழுதி 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸிலும் எழுத்துக் கோப்புகளும் இணையப் பக்கங்களும் நிரலோடு சேர்ந்தே வருகின்றன. இந்த மனிதர்கள் படிக்கிறவனை மதித்தார்கள். நான் சண்டைக்கு நிற்பது, "எல்லாம் எங்கள் இணைய தளத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்" என்று கைகழுவுகிற புதிய வழக்கத்தோடு.

கையேடு யாருக்கு, எப்போது தேவைப்படுகிறது? அஞ்சல் நின்றுபோன நள்ளிரவில், எங்கோ இருக்கும் இயந்திரத்தின் கறுப்புத் திரையில் எழுத்துகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு. அங்கே படம் தெரியாது, பிடிஎஃப் திறக்காது. வெளியுலகத் தொடர்பே அறுந்திருந்தாலும் வியப்பில்லை. எழுத்துக் கோப்பு என்றால், திரை சொல்லும் பிழை வாசகத்தைக் கொடுத்து அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரே கட்டளையில் தேடிவிடலாம்.

இன்னொன்று, பதிப்பு. 2002-ல் எக்ஸிமின் நான்காம் பதிப்பு வந்தபோது, கடிதங்களுக்கு வழி சொல்லும் முறையே மாறியது. அதுவரை 'டைரக்டர்' என்று தனியாக இருந்த உறுப்பு 'ரௌட்டர்' என்பதோடு கலந்து மறைந்தது. மூன்றாம் பதிப்பை வைத்திருந்தவனுக்கு நான்காம் பதிப்பின் கையேடு வழியைக் காட்டுமா, குழியைக் காட்டுமா? 2020-ல் வந்த 4.94 பதிப்பில், வெளியார் அனுப்பும் விலாசத்தின் துண்டை அப்படியே கோப்பின் பெயராக வைக்கக் கூடாதென்று தடை வந்தது. திருடனைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் அப்படி வைத்திருந்த பழைய ஏற்பாட்டோடு புதிய பதிப்பை ஏற்றியவர்களின் கடிதங்கள் போய்ச் சேராமல் தேங்கின. அந்த நேரத்தில் அந்தப் பதிப்புக்கென்று எழுதிய விளக்கம் அல்லவா பக்கத்தில் இருக்க வேண்டும்? இணைய தளத்தில் முதலில் கண்ணில் படுவது இன்றைய பதிப்பு. இயந்திரத்தில் இருப்பதோ நாலு வருஷத்துக்கு முந்தியது.

"நிரலைத்தான் திறந்து வைத்திருக்கிறதே, அதையே படித்துக்கொள்ளட்டும்" என்று ஒரு மேதாவிக் கூட்டம் சொல்கிறது. பசியோடு வந்தவனுக்கு நெல்மூட்டையைக் காட்டி உபசரிக்கிற பண்பு இது!

"இணையப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அடுத்த இடத்துக்குத் தாவலாமே, கண் தெரியாதவர்களுக்குக் கூட, தலைப்புத் தலைப்பாகத் தாவிக் கேட்க அது வசதியாயிற்றே" என்பது நியாயமான வாதம். ஒப்புக்கொள்கிறேன். அதையும் கொடுங்கள், இதைப் பிடுங்கிக்கொண்டு அதைக் கொடுக்காதீர்கள். ஒரே மூலத்திலிருந்து இரண்டும் பிறக்கும் என்று கேம்பிரிட்ஜில் செய்து காட்டிவிட்டார்களே!

கடைசியாக, "இனாமாகக் கொடுக்கிறவனிடம் உரிமை கொண்டாடலாமா?" என்ற கேள்வி. இங்கேதான் அந்த மாடு வருகிறது. 1998-ல் வந்த ஸெண்ட்மெயில் 8.9 பதிப்புக்கு முன்னால், நாமாகத் தடுத்தாலொழிய, எவனோ எவனுக்கோ அனுப்பும் கடிதத்தையும் அது வாங்கிக் கடத்திவிடும். குப்பைக் கடிதக்காரர்களுக்கு அது திறந்த வீடாயிற்று. தடுக்கத் தெரியாதவனுடைய அறியாமைக்கு அபராதம் கட்டியவர்கள், அவனை முன்பின் பார்த்திராத ஊரார். அந்த நிரலை விளக்க 1993-ல் ஓரெய்லி பிரசுரம் ஒரு தலையணைப் புத்தகம் போட்டது. பிந்திய பதிப்புகளில் அது 1,000 பக்கங்களைத் தாண்டியது. நல்ல புத்தகம். ஆனால் நிரல் இனாம், விளக்கம் விலைக்கு என்றால் அந்த இனாம் யாருக்கு? வாங்க முடிந்தவனுக்கு.

அஞ்சல் நிரல் என்பது கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே முடிந்துபோகிற விவகாரமில்லை. நடுவில் என் கடிதமும் உங்கள் கடிதமும் இருக்கின்றன. ஆகையால் பல்லைப் பிடித்துப் பார்க்க நமக்கும் உரிமை உண்டு. மாட்டைக் கொடுக்கிற புண்ணியவான்கள் மூக்கணாங்கயிற்றையும் சேர்த்தே கொடுக்கட்டும்.