'பையன்' அல்ல, தொழிலாளி

மழை இறங்கினால் மரக்காணத்தில் உப்பளம் நின்றுவிடும். வேறு பிழைப்புத் தேடி நம் பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மெக்கானிக் பட்டறைகளுக்கும் பஞ்சர் கடைகளுக்கும் போகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'பையன்'. தொழிலாளி என்று எந்த ஏட்டிலும் பதிவில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறான். மூடியில்லாத கிரைண்டர் அவன் கையில் தரப்படுகிறது. லாரிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது லாக் ரிங் தெறித்தால் உயிரே போகலாம். விரல் போனாலோ, கட்டுப்போடக் காசு கொடுத்து, "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இழப்பீடு தருமம் அல்ல, உரிமை. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் வேண்டும். இதற்கு ஒரே ஆள் போதும். கட்டைவிரல் இழந்தால் 30 விழுக்காடு வருமானத் திறன் இழப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. வெறும் கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்ப முடியாது.

அடிபட்டால் அரசு மருத்துவமனையில் "பட்டறை வேலையில் அடிபட்டது" என்றே எழுதச் சொல்லுங்கள். சம்பளம் வந்த செல்போன் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். தொழிலாளர் துறையில் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள்.

வாகனப் பழுதுபார்ப்போருக்கும் ஓட்டுநர்களுக்கும் சேர்த்து நலவாரியம் இருக்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் பதியலாம். படிக்கும் தம்பி, தங்கைகளே, அண்ணனுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். தொழிலாளர் துறையும் மரக்காணத்திலேயே பதிவு முகாம் நடத்த வேண்டும் என்று கோருகிறோம்.

மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் பெறும் உப்பளத் தாயின் பெயர் அரசுப் பதிவில் இருக்கிறது. மகன் பெயரும் ஏறட்டும். விரல் போகும் முன்பே.